அருகி வழங்கும் நூல்கள் சில

நூல் கற்றல் நன்றென்பதை மறுப்பார் ஒருவருமிலர். எதனைக் கற்பது என்னும் வினா எழுந்துழியே இடர்ப்பாடு தோன்றுகின்றது. சைவ அன்பர் ஒருவரை அணுகிக் கற்கத்தக்க நூல்கள் யாவை என வினவின், அவர் தேவாரம், திருவாசகம், திருமந்திரம், பெரிய புராணம் என நான்கினைக் கூறி அமைவர். அவை கற்கத்தக்கனவே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விடை வினவினார்க்கு யாதும் பயன்படாது. அப்பெயர்களை அவர் முன்னரே அறிவராகலின். அந்நூல்களுள் இரண்டொன்று அவரது இல்லத்துப் பூசையறையில் பட்டுத்துணி சுற்றிச் சந்தனப் பொட்டிட்டு வைக்கப்பட்டிருத்தலும் கூடும். பொட்டிடப்பெற்ற புத்தகம் விரிக்கப்படுவது அரிது.

எல்லாரும் அறிந்த நூல்களையே மீட்டும் மீட்டும் எடுத்துரைப்பது பரிந்துரையாகாது. யாரும் அறியாத நூலை, அஃது அறியப்படாதது என்னும் ஒன்றே காரணமாகப் புகழ்வதும் பரிந்துரையாகாது. அறியப்படாத நூல்களுட் பல அவ்வாறு கிடத்தற்கே தகுதியுடையன. கற்பவன் நின்ற இடம் யாது, அவன் கண்ணெதிரே கிடப்பன யாவை, அவற்றைத் தெளிவிக்கும் நூல் எங்குள்ளது என்பவற்றை ஆராய்ந்து கூறுவதே நூலறிவுடையார் கடன். சீகாழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து நூலக இயலின் தந்தையெனப் போற்றப்பெற்ற அரங்கநாதனார், 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூற்கும் உரிய வாசகரும் உண்டென்னும் கருத்தினை வைத்தனர். முன்னது யாவர்க்கும் உடன்பாடு. பின்னதன் அருமையை உணர்ந்தார் சிலரே. தனக்குரிய வாசகனைக் காணாத நூல் நாளடைவில் இல்லாத நூலாகிவிடும்.

இஃது அச்சுறுத்தும் சொல்லன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இன்று இல்லை. தீயும் நீரும் செல்லும் அவற்றை உண்டன என்பர். அவற்றினும் பெரிய பகை படிப்பாரின்மையே. ஏடு பழுதுற்ற காலத்துப் படிப்பார் இருந்தால் மறுபடியும் எழுதிக்கொள்வர். இலராயின் பழுதுற்ற ஏடு பழுதுற்றவாறே போகும்.

அன்னவாசல் என்னும் ஊர் புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ளது. பெரிய நகரமன்று, பெரும் புத்தகக்கடைகள் உள்ள இடமுமன்று. ஆயினும் அவ்வூரினின்று ஒருநாட் புறப்பட்டுச் சுற்றிவரும் எல்லைக்குள் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், விராலிமலை என்பன அடங்கும். தமிழகத்தின் சமயம், இசை, ஓவியம், அரசு என்னும் நான்கின் வரலாற்றிற்கும் வேண்டிய கருவிகள் இத்துணை நெருங்கிக் கிடக்கும் நிலப்பகுதி வேறு சிலவே. இவ்வூரினர் ஒருவர், சமயப்பற்றுள்ளவர், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவிற்கு மேல் ஓரளவு பயிற்சியுடையவர், பகலில் உழவோ வாணிகமோ செய்து இரவில் ஒருமணி நேரம் ஓய்வுடையவர் எனக் கொள்க. அவர்க்கு எந்நூல்களைக் கூறலாம் என்பதே ஈண்டு எண்ணப்படுவது.

முதற்கண் கூறத்தக்கது, நூலென்று பலரும் கருதாத ஒரு நூல். புதுக்கோட்டை சமஸ்தானத்தார் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியே அது. சமஸ்தானத்திலுள்ள கோயில்களிலும் குன்றுகளிலும் பொறிக்கப்பட்ட சாசனங்களின் மூலம் அரச மரபுகளின் முறைப்படி அதனுள் அடுக்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சியாளர்க்கே உரிய வறண்ட நூலென்று அதனை ஒதுக்குவார் பலர். உண்மையில், தன் ஊர்ப்பெயரும் தன் ஊர்க் குளத்தின் பெயரும் வரும் நூலைக்காட்டிலும் ஒருவனுக்குச் சுவை தருவது பிறிதில்லை. விளக்கெரிக்க ஆடு விட்டார், நிலம் விற்றார், குளம் தூர்த்தமையின் கரை கட்டினார் என்னுஞ் செய்திகளைக் காப்பியங்களிற் காண்டல் இயலாது. தொடர்ந்து படிக்க வேண்டா. தான் அறிந்த ஊர் எதுவோ அதனைத் தேடி எடுத்து அந்தச் சாசனத்தை மட்டும் படிக்க. பின்னர் அக்கோயிலுக்குச் சென்று அதே எழுத்தைச் சுவரிற் காண்க. இந்நூலிற் குறையும் உண்டு. உரை இல்லை, அருஞ்சொல் விளக்கம் இல்லை. பொருள் வேண்டுவார்க்கு ஆங்கில மொழிபெயர்ப்பே பின்னர் வெளிவந்தது. தமிழ்ச் சாசனத்திற்குத் தமிழர் ஆங்கிலத்தின் வழியே பொருள் காணவேண்டியிருப்பது வருந்தத்தக்கது. வேங்கடராமையர் தொகுத்து 1938-க்கும் 1944-க்கும் இடையே வெளிவந்த சமஸ்தான வரலாற்றுக் கையேடும் ஆங்கிலத்தில் அமைந்ததே.

இத்தொகுதியைச் சைவ அன்பர் ஏன் கற்கவேண்டும் என்பதற்குக் கொடும்பாளூர் ஒன்றே போதிய சான்று. அவ்வூர் இடங்கழி நாயனார் அவதரித்த பதி. அடியார்க்கு அமுதளிக்கப் பொருளின்றி அரண்மனைப் பண்டாரத்தில் நள்ளிரவில் நெல் கவர்ந்து அகப்பட்ட அடியார் ஒருவரை நாயனார் விடுவித்ததும், பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டதும் யாவரும் அறிந்தன. அதே ஊரில், நாயனார்க்குப் பிற்பட்ட காலத்தில், பூதி விக்கிரமகேசரி என்னும் வேள் மூன்று கோயில்கள் எடுப்பித்தான். இன்று நிலைத்துள்ளவை இரண்டே. ஆங்குள்ள வடமொழிச் சாசனம், தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் அவன் அவற்றை எடுப்பித்ததையும், மதுரையைச் சார்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக முனிவர்க்கு ஒரு மடம் அளித்ததையும், ஐம்பது தவத்தினர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததையும் கூறுகின்றது. புராணத்தில் அடியார்க்குத் திறக்கப்பட்ட பண்டாரமும், சாசனத்தில் தவத்தினர்க்கு வகுக்கப்பட்ட உணவும் ஒரே ஊரின இரண்டு செய்திகள். ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றெனக் கொள்ளல் பிழையாம். காலம் வேறு, மரபும் வேறு. சித்தாந்த சைவத்தினின்று வேறுபட்டவர் காளாமுகர். எனினும் சேக்கிழார் பாடல்களைப் பாடம்பண்ணியவர் இச்சாசனத்தையும் அறிந்து கொடும்பாளூர் சென்றால், வெறுங்கல்லாகத் தோன்றிய விமானம் வேறாகத் தோன்றும். நாயன்மார் சரித்திரத்தைச் செய்யுளாகப் படிக்க இடர்ப்படுவார்க்கு ஆறுமுக நாவலரவர்கள் 1852-இல் வெளியிட்ட பெரிய புராண வசனம் உளது. அதன் தமிழ்நடை இன்றும் பழுதுறவில்லை.

இனி, சைவ அன்பர் பலர்க்கு உடன்பாடில்லாத ஒன்றைக் கூறவேண்டும். அன்னவாசலுக்கு மிக அணித்தாயுள்ளது சித்தன்னவாசல். குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என வழங்கும் குகையிற் சமண முனிவர்க்கெனச் செதுக்கிய கற்படுக்கைகள் 17 உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே பழந்தமிழெழுத்தாகிய பிராமியிற் பொறித்த சாசனம் உண்டு. குன்றின் சரிவிலுள்ளது அறிவர் கோயில். அதனை இளங்கௌதமன் என்னும் மதுரையாசிரியர் ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்துப் புதுக்கினார் என்பது ஆங்குள்ள தமிழ்ச் சாசனத்தாற் பெறப்படும். விதானத்தில் தாமரைக் குளமும், மீனும், யானையும், மலர் பறிப்பாரும் தீட்டப்பட்டுள்ளனர். மகேந்திரவர்மன் செய்தானென முன்னர்க் கருதப்பட்டது. பாண்டியர் காலத்தனவாகவே அவ்வோவியங்களை இன்று கொள்வர். விடுமுறை நாளில் மக்கள் அங்குச் சென்று கண்டு திரும்புகின்றனர். கண்டது யாதென வினவினால், பழைய படம் என்பதற்கு மேற் கூறவல்லார் சிலரே. சைவர்க்கு அதனோடு யாது தொடர்பு என்று ஒதுங்குவாரும் உளர்.

ஒதுங்குவார்க்கு இருநூல்கள் கூறத்தக்கன. முதலாவது, மயிலை சீனி. வேங்கடசாமியவர்கள் 1954-இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்'. சமணம் தமிழ்நாடு புகுந்த வரலாறு, அது சிறந்த வரலாறு, குன்றிய வரலாறு, சமணத் திருப்பதிகள் என எளிய தமிழில் வகுத்துச் செல்லும் இந்நூல், வாசகனைச் சோர்வுறச் செய்யாது. வேங்கடசாமியவர்கள் 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' என்பவற்றையும் எழுதினார்கள். ஒரு சமயத்தார் தமிழுக்கு ஆற்றியதை மற்றொரு சமயத்தார் நடுவுநிலையில் நின்று அறிதற்கு இம்மூன்றனைப்போற் பயன்படுவன அரிய. சமணநூலின் ஊர்ப்பட்டியலாகிய பகுதி சுருங்கிக் குறிப்பாகவே நிற்பதும், சில முடிபுகள் சான்றினும் விரைந்து செல்வதும் குறைகளே. அவற்றைக் குறையென்று அறிதற்கும் நூலைப் படித்தாகவேண்டும்.

இரண்டாவது 'நீலகேசி'. அ. சக்கரவர்த்தி நயினாரவர்கள் சமய திவாகர வாமன முனிவர் உரையோடு 1936-இல் இதனை அச்சிட்டார்கள். பத்துச் சருக்கங்களையுடைய இந்நூல் சமணச் சார்பினின்று பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என்பவற்றை மறுத்துச் செல்வது. குண்டலகேசி என்னும் காப்பியத்துக்கு எதிராக எழுந்தது. அக்காப்பியம் மறைந்துபோகவே, இன்று அதன் சில செய்யுட்களும் செய்திகளும் இந்நூலுரையின் வழியாகவே அறியப்படுகின்றன. மறுத்தவன் வீட்டிலேயே மறுக்கப்பட்டவன் உயிர்பிழைத்திருக்கும் வியப்பு இது.

நீலகேசியைச் சைவர் கற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சுடுகாட்டில் தவஞ்செய்த முனிசந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தி ஓட்டப் பழையனூர் நீலி வரவழைக்கப்படுகின்றாள். வந்தவள் முனிவர்பால் அறங்கேட்டு வாதம்புரியும் மெய்யறிவினளாகின்றாள். பழையனூர் என்பது திருவாலங்காட்டைச் சார்ந்த ஊர். அத்திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் ஆங்குப் பேய்கள் சூழ ஐயன் ஆடும் கூத்தையும் பாடியவர் காரைக்காலம்மையார். பழையனூர் நீலி செய்தியைத் திருஞானசம்பந்த சுவாமிகள் திருவாலங்காட்டுத் திருப்பதிகத்திற் குறித்தருளியதும் அன்பர்கள் அறிந்ததே. ஒரே காடு, ஒரே பேய்வழக்கு. அம்மையார் தாமே பேயுருவேற்று ஐயன் திருவடிக்கீழ் அமர்ந்து பாடுகின்றார். சமணக் கவி அப்பேயை வாதிட அனுப்புகின்றான். முன்னது அன்பின் வழி, பின்னது தருக்கத்தின் வழி. இவ்விரண்டனையும் ஒருங்குவைத்துக் கற்றாலன்றி அம்மையார் தம்மைப் 'பேய்' எனக் கூறிக்கொண்டதன் ஆழம் விளங்காது. அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களும் அற்புதத் திருவந்தாதியும் பதினொராந் திருமுறையில் உள்ளன. ஏனைத் திருமுறைகளை ஓதுவாரும் அதனைப் பெரும்பாலும் விரித்துப் பாரார். 40 பிரபந்தங்களையுடைய அத்திருமுறையை முழுதும் படிக்கவேண்டும் என்பது இல்லை. அம்மையார் நூல்களும், சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலாவும் தொடக்கத்திற்குச் சாலும்.

பரசமய நூலைப் பயிலுதல் சைவர்க்கு ஆகாது என்பார்க்கு அருணந்தி சிவாசாரியரே விடையாவர். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பௌத்தம், நிகண்டவாதம், ஆசீவகம் முதலியவற்றை அவர் முதலில் எடுத்துரைத்து, அவ்வவர் கூற்றை அவ்வவர் வாயிற் பிறந்தவாறு நிறுவி, அதன்பின்னரே மறுக்கின்றார். அந்நூல்களைக் கற்றிராவிடின் இஃது இயலுமோ? மெய்கண்டார்க்கு மாணவராகுமுன் சகலாகம பண்டிதர் எனப்பெற்ற அப்பெரியார் எதிரியின் நூலை எரித்தவரல்லர். எதிரியினும் நன்றாக அதனைக் கற்றவர். பரபக்கத்தை மட்டும் படித்துச் சமணத்தை அறிந்துகொண்டேம் என்பவர், வழக்கில் ஒரு கட்சியாரின் வாக்குமூலத்தைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை ஒப்பர். அப்பரடிகள் தருமசேனர் என்னும் பெயரோடு சமணரிடையே வீற்றிருந்து அவர்தம் நூல்களைக் கற்றவர் என்பதும் மறக்கற்பாலதன்று. அவர் எதனை விட்டு மீண்டார் என அறியாதார்க்கு, மீண்டதன் அருமை எங்ஙனம் விளங்கும்? நீலகேசியாரின் தருக்கத்திற் சில இடங்கள் நேர்மையுடையனவல்ல. பௌத்தரை வாய்திறக்கவொட்டாமல் தாமே வினாவித் தாமே விடைகூறி வென்றதாக அமைத்த இடங்களும் உள. அவற்றைச் சைவ வாசகர் எளிதிற் கண்டுகொள்வர். கண்டுகொண்டபின், அதே கண்ணால் நம் சமயத்து வாதநூல்களையும் ஒருகால் நோக்குவராயின் நன்று.

திருமடங்கள் இவ்வகையிற் பரந்த மனமுடையனவாகவே இருந்தன. சேலம் இராமசுவாமி முதலியார் 1880-இல் தூண்ட, சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியைச் சாமிநாதையரவர்கள் ஆராயப்புகுந்து 1887-இற் பதிப்பித்தபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்களின் ஆதரவு அவர்கட்கு இருந்தது. குடந்தையிலுள்ள சமண நண்பர்களிடத்து ஐயரவர்கள் ஐயந்தெளிந்தார்கள். இச்செய்திகளை 'என் சரித்திரம்' கூறும். அந்நூலை இன்று பலரும் அறிவர். ஐயரவர்கள் தம் ஆசிரியரைப் பற்றி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட 'மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திர'த்தை அறிவார் அவருள் காற்பங்கினரும் இரார். சுவையில் 'என் சரித்திரம்' மிக்கது, உண்மை. பிள்ளையவர்கள் சரித்திரத்தில் நூற்பெயர்களும் சிறப்புப்பாயிரங்களும் நிறைந்து வாசகனைத் தடுக்கும். அவ்விடங்களைத் தாண்டிச் செல்லலாம். தாண்டினார்க்கு ஒரு பெரும்புலவர் கடனோடும் மாணாக்கரோடும் வாழ்ந்த வாழ்வு முழுதும் கிடைக்கும். 1815-இல் தோன்றி 1876-இல் மறைந்த அப்பெரியார், சாதி சமய வேறுபாடு கருதாது பாடஞ்சொன்னவர். கிறித்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளைமீது குளத்தூர்க்கோவை பாடியவர். அவரது இறுதிநேரத்தில், சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கர் அவரைத் தாங்கியிருக்க, ஐயரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தினைப் படித்தார்கள். அப்பகுதி ஒன்றற்காகவே அந்நூலைக் கற்கலாம்.

மீண்டும் அன்னவாசற் பக்கம் திரும்புவோம். குடுமியான்மலையில் மேலைக்கோயிலை அடுத்த பாறையில் கிரந்த எழுத்தில் ஓர் இசைச் சாசனம் உளது. மாகேசுரனாகிய மன்னன் ஒருவன், உருத்திராசாரியர் என்பவரின் மாணவன், மாணாக்கர் நன்மைபொருட்டு அமைத்ததாக அஃது உரைக்கும். ஏழு பகுதியாக ஏழு பண்களின் சுரவமைப்பு அதனுட் குறிக்கப்பட்டுள்ளது. அவற்றுட் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் தேவாரப் பண்களாகிய சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பவற்றை நினைப்பூட்டும். கோயிலுக்குச் சென்று சிகாநாதரை வணங்கித் திரும்பும் அன்பர், தாம் காலையில் ஓதிய பதிகத்தின் பண்ணோடு உறவுடையதொன்று அப்பாறையிற் கிடப்பதை அறியாது செல்கின்றனர். அறியவேண்டுவார் 'யாழ்நூல்' காண்க. விபுலானந்த அடிகள் இயற்றி, கரந்தைத் தமிழ்ச்சங்க வெளியீடாக 1947-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிய இந்நூலில் குடுமியான்மலைச் சாசனமும் ஆராயப்பட்டுள்ளது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்கள். பொதுவாசகர்க்கு இந்நூல் எளிதன்று என்பதை மறைத்தல் தகாது. நரம்பின் கணக்கிற் புகுந்தார் பலர் அங்கேயே நின்றுவிடுவர். ஆகலின் தேவாரவியலை முதலிற் படித்து, அது பிடித்தாற் பின்னே செல்லுதல் நன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' இதனினும் பெரிது. அதனை வரிசையாகக் கற்கப்புகுதல் பொதுவாசகர்க்கு இயலாத செயல். இடையிடையே திறந்து பார்த்தற்குரியது.

சித்தாந்த சாத்திரங்களைப் பற்றி ஒருசொல். பதினான்கு சாத்திரங்களுட் சிவஞானபோதத்தையே முதலிற் கொடுத்துப் பொதுமக்களைத் துரத்தியடிக்கும் வழக்கம் சிலரிடம் உளது. பன்னிரண்டு சூத்திரங்களே என்பதால் எளிதென எண்ணுகின்றனர் போலும்! உண்மை விளக்கத்தைக் கொடுப்பார் அதனினும் நல்லவர்; மாணவன் வினவ ஆசிரியர் விடைகூறும் அமைப்பு இனிது. எனினும் தத்துவம் முப்பத்தாறும் தொடக்கத்திலேயே வந்து நிற்றலின் புதியவர் மருள்வர். உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயனே முதற்படியாதற்குத் தக்கது. பத்து அதிகாரம், நூறு குறள்; நாளொன்றுக்கு ஒரு குறள் எனக் கொண்டாலும் நான்கு திங்களுள் முடியும். புறவிருள் பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ தன்னையுங் காட்டாது என்னும் கருத்தினை இருண்மலநிலை பேசும் இடத்து, மின்விளக்கில்லாத சிற்றூரில் இரவில் நடந்தறிந்தார்க்கு உரையும் வேண்டா. அதன்பின் திருவுந்தியார். மகளிர் உந்திபறத்தல் என்னும் விளையாட்டின் மெட்டில் மிக நுண்ணிய பொருளை வைத்த நூல் அது, 45 பாடல்களே. எளிதென்று தோன்றும், எளிதன்று. பாடிப் பாடி மனத்திற் கிடந்தபின்னரே பொருள் தோன்றும் இயல்பினது.

சைவர் நூலாயினும் இன்று எவரும் படியாத மற்றொன்று நாவலரவர்களின் 'யாழ்ப்பாணச் சமயநிலை'. 1872-இல் வெளிவந்த அத்துண்டுப் பிரசுரம், கோயில் அதிகாரிகளையும் குருமாரையும் பொதுமக்களையும் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பது. நாவலரவர்களைப் பரசமயிகளோடு வாதிட்டவராக மட்டும் அறிந்தார், தம்மவர்மீது அவர்கள் கொண்ட சினத்தை ஈண்டுக் காணலாம். கடுமை மிகுதியே. ஆயினும் கோயிற் பொருளைப் பற்றி ஆங்குக் கேட்கப்பட்ட கேள்விகள் விடைபெற்றுவிட்டன எனல் இயலாது.

அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் 'விநோதரச மஞ்சரி' (1876) பற்றியும் கூறவேண்டும். புலவர் கதைகளைச் சுவைபடக் கூறும் அக்கட்டுரைத் தொகுதி முன்னோர்க்குப் பெருவிருந்தாயிருந்தது. கம்பரும் ஒட்டக்கூத்தரும் அதனுள் உரையாடுவன வரலாறல்ல, கேட்ட கதைகள். கதையென்று கொண்டு படிப்பார்க்குக் கெடுதியில்லை. அதனையே சான்றாகக் காட்டிப் புலவர் காலத்தை நிறுவப்புகுந்தவர்களாற் பட்ட பாடு சிறிதன்று.

இறுதியில் வைக்கப்பட்டதாயினும் முதலில் வாங்கத்தக்கது 'புறத்திரட்டு'. வையாபுரிப் பிள்ளையவர்களால் 1938-இற் பதிப்பிக்கப்பெற்ற இத்தொகைநூலைத் தொகுத்த பழம்புலவர் பெயர் தெரியவில்லை. அவர் செய்தது யாதெனின், பல நூல்களினின்றும் 1500-க்கு மேற்பட்ட செய்யுட்களைத் தேர்ந்தெடுத்துத் திருக்குறளைப் போல அறமும் பொருளும் பற்றிய தலைப்புகளின்கீழ் அடுக்கியதே. பெரும்புலவர்க்கென அவர் அதனைத் தொகுத்திருக்கமாட்டார். அவர்பால் மூலநூல்களே இருந்திருக்கும். நூல் முழுவதையும் தேடிக் கற்க இயலாத பொதுமக்களுக்கென ஒருவர் செய்த பரிந்துரையே அது. அவர் காலத்தில் யாவரும் அறிந்திருந்த நூல்களுட் சில பின்னர் அழிந்தன. முத்தொள்ளாயிரம் என்னும் அருமைநூல் முழுதும் போயிற்று. 1905-இற் 'செந்தமிழ்' இதழில் இராகவையங்காரவர்கள் வெளியிட்டதும், பின்னர் இரசிகமணி சிதம்பரநாத முதலியாரவர்கள் போற்றிப் பரப்பியதும் புறத்திரட்டாற் பிழைத்த செய்யுட்களையே. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை, வளையாபதி, குண்டலகேசி என்பவற்றின் பாடல்களும் அதனுள் உள. தொகுத்தவர் சைவரோ சமணரோ வைணவரோ துணிந்து கூறல் அரிது. எல்லாச் சமயத்தார் செய்யுளும் ஒரு தலைப்பின்கீழ் அருகருகே நிற்கின்றன. இதனைப் பின்பற்றியது போலப் பாண்டித்துரைத் தேவரவர்கள் 1898-இல் வெளியிட்ட 'பன்னூற்றிரட்டு'ம் நல்ல நூலே. பழைய உரை இல்லாமையாற் புறத்திரட்டின் சில செய்யுள் விளங்காமல் நிற்கும். விளங்கியவற்றைக் கற்றுச் செல்க. ஒரு செய்யுள் பிடித்தால், அஃது எந்நூலினது என அதன் கீழுள்ள பெயரைப் பார்த்து, அந்நூலைத் தேடுக.

தேடும் இடம் எதுவெனின், அன்னவாசலார் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்னும் ஆய்வு நூலகம் உளது. ஆசிரியப் பணியிலிருந்த கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் தம்பதியர் தம் ஊதியத்தைச் செலவிட்டு ஆண்டுக்கணக்கில் திரட்டிய அச்சுநூல்கள் இலட்சத்திற்கு மேற்பட்டன என்பர். பழைய நூல்களின் முதற்பதிப்புகள் பல ஆங்குள்ளன. மேற்கூறியவற்றுட் சில தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காணக்கிடக்கும். வேங்கடசாமியவர்களின் நூல்கள் நாட்டுடைமையானமையின் மலிவுப் பதிப்புகளும் உள. கல்வெட்டுத் தொகுதி ஒன்றே விலைக்குக் கிடைத்தல் அரிது. நூலகத்தில் அதனைக் காண்பவர் தம் ஊர்ச் சாசனத்தை ஒரு தாளிற் பெயர்த்தெழுதிக்கொண்டு, அடுத்த பிரதோடத்தன்று கோயிலுக்குச் செல்லும்பொழுது அத்தாளையும் கையிற் கொண்டு செல்க. கருங்கல்லில் எழுத்துத் தெளியாவிடின் மாலை வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து நோக்குக. சுண்ணாம்பு பூசியோ எண்ணெய் தடவியோ எழுத்தைக் கெடுத்தல் ஆகாது.